பிசிறும் பயோ வாஷும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் பல வருடங்களாகப் பிராசஸிங் பார்த்துவரும் மாஸ்டர் பதில் தருகிறார்.

'பயோ வாஷ்' என்று போட்டிருந்த டி-ஷர்ட்டைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கினேன். பருத்தியை அரிக்கும் என்சைமில் (நொதியில்) அலசியது என்று கடைக்காரர் சொன்னார். பருத்தியை அரிக்கும் பொருள் துணியை மட்டும் எப்படி விட்டுவைக்கும்?
வாசகி, மதுரை

உங்கள் சந்தேகம் நியாயமானது. கடைக்காரர் சொன்னதும் சரிதான். பருத்தி இழையில் 90 சதவீதத்துக்கு மேல் செல்லுலோஸ். குளுக்கோஸ் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் வரிசையாகக் கோத்த சங்கிலி அது. அந்தச் சங்கிலியை வெட்டும் என்சைமுக்குச் செல்லுலேஸ் என்று பெயர். கேட்பாரில்லாமல் விட்டால் துணியை நைய வைத்துவிடும்.

பட்டறையில் அப்படி விடுவதில்லை. இரண்டு விஷயங்கள் துணியைக் காப்பாற்றுகின்றன. முதலாவது, என்சைம் மூலக்கூறு பெரியது. முறுக்கேறி நெருங்கி நிற்கும் இழையின் உட்புறத்துக்கு அது லேசில் போக முடியாது. நூலைவிட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறுதான் முதலில் அதன் கையில் சிக்கும். வெட்டுப்பட்டுப் பலவீனமான பிசிறு, தண்ணீரோடு துணியைச் சுற்றவிடும் சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் துணி ஓடும்போது உராய்ந்து உதிர்ந்துவிடும். இந்த உராய்வு இல்லாமல் என்சைம் மட்டும் பெரிதாக எதையும் செய்துவிடாது. இரண்டாவது, வேலை முடிந்ததும் என்சைமை நாங்கள் கொன்றுவிடுகிறோம். அதைப்பற்றி அடுத்த பதிலில் விரிவாகச் சொல்கிறேன்.

இந்தப் பிசிறு போகாவிட்டால் நாலைந்து சலவையில் ஒன்றோடொன்று சிக்கிக் குட்டிக் குட்டி உருண்டையாகத் திரளும். நாங்கள் பில்லிங் என்போம். துணி பழசாகத் தெரிவதற்குச் சாயம் போவதைவிட இதுதான் பெரிய காரணம்.

வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். துணியை விரல்மேல் மடித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மடிப்பின் ஓரம் சுத்தமாகத் தெரிந்தால் நல்லது. பூனைமுடிபோல் பிசிறு நின்றால், சட்டை எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும் நம்பாதீர்கள். அந்த வழவழப்பு சிலிக்கோன் சாஃப்ட்னர் கொடுப்பது, துவைக்கத் துவைக்கக் குறைந்துவிடும். சாஃப்ட்னரை மட்டும் போட்டுவிட்டு 'பயோ' என்று லேபிள் ஒட்டுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத வேலை. அப்புறம், ரசாயன உரமில்லாமல் விளைந்த பருத்திக்கும் பயோ வாஷுக்கும் சம்பந்தமே கிடையாது.

பெருந்துறைப் பக்கம் ஒரு பட்டறையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். பயோ முடித்த லாட் சில சமயம் பர்ஸ்டிங் டெஸ்டில், அதாவது துணி எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று பார்க்கும் சோதனையில், அடிவாங்குகிறது. அதே டோஸ், அதே துணி. டோஸைக் குறைத்துப் பார்க்கலாமா?
வாசகர், ஈரோடு மாவட்டம்

தம்பி, டோஸில் கை வைக்கும் முன், என்சைமின் வேலையை எப்படி நிறுத்துகிறீர்கள் என்று பாருங்கள். ஒரே டோஸில் ஒரு லாட் நன்றாகவும் இன்னொன்று பலவீனமாகவும் வந்தால், பெரும்பாலும் என்சைம் சரியாகச் சாகவில்லை என்று அர்த்தம்.

அமிலத் தண்ணீரில் வேலை செய்யும் ஆசிட் செல்லுலேஸ், பி.எச். (அமில-கார அளவு) 4.5 முதல் 5.5 வரை, 50 டிகிரியை ஒட்டி நன்றாக வேலை செய்யும். நேரம் ஆனதும் சூட்டை 80 டிகிரிக்கு ஏற்றிப் பத்து நிமிடம் ஓட்டவேண்டும். அல்லது சோடா ஆஷ் என்ற காரத்தைப் போட்டுப் பி.எச்.சை 9, 10க்குத் தூக்கவேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்தால் இன்னும் நிம்மதி. சில இடங்களில் அவசரத்துக்குத் தண்ணீரை மட்டும் வடித்துவிட்டு, துணியை டிராலியில் போட்டு அடுத்த மெஷினுக்குக் காத்திருக்க வைக்கிறார்கள். வடித்த தண்ணீரோடு எல்லா என்சைமும் போய்விடாது. ஈரத்துணியில் ஒட்டியிருப்பது ராத்திரி முழுக்க வேலை செய்துகொண்டே இருக்கும். காலையில் துணி கையோடு வரும்.

எதிர்ப்பக்கத்துப் பிரச்சினையும் உண்டு. பிளீச்சிங் முடிந்து துணியில் பெராக்சைடு மிச்சமிருந்தால் என்சைம் கெட்டுவிடும், பிசிறு போகாது. ஆபரேட்டர் அடுத்த லாட்டுக்கு டோஸை ஏற்றுவார், அந்த லாட்டில் பெராக்சைடு இருக்காது, துணி நைந்துவிடும். அதனால் கேட்டலேஸ் என்ற இன்னொரு என்சைமைப் போட்டுப் பெராக்சைடை முறித்து, ஸ்ட்ரிப்பில் (சோதனைத் தாளில்) பார்த்துவிட்டுத்தான் செல்லுலேஸை ஊற்றவேண்டும்.

ஒவ்வொரு லாட்டையும் பயோவுக்கு முன்னும் பின்னும் காயவைத்து எடை போடுங்கள். 3 முதல் 5 சதவீதம் குறைவது சாதாரணம். அதைத் தாண்டினால் பிசிறோடு நூலும் போகிறது. லேசான ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடை) துணிக்கு, அமிலமும் காரமும் இல்லாத தண்ணீரில் வேலை செய்யும் நியூட்ரல் என்சைம்தான் என் தேர்வு. வேகம் குறைவு, விலை கூடுதல், ஆனால் துணியின் பலம் நிற்கும். சாயம் ஏற்றுவதற்கு முன்பே பயோவை முடித்துவிடுங்கள். இழையோடு வேதிப்பிணைப்பில் ஒட்டும் ரியாக்டிவ் சாயம் ஏறிய பருத்தியில் செல்லுலேஸ் மந்தமாகத்தான் வேலை செய்யும், நிறமும் மாறும்.

இந்த என்சைமை எதிலிருந்து எடுக்கிறார்கள்?
கல்லூரி மாணவி, கோவை

பூஞ்சையிலிருந்து, அம்மா. இரண்டாம் உலகப்போரில் பசிபிக் பெருங்கடலின் சாலமன் தீவுகளில் இருந்த அமெரிக்கப் படைகளின் பருத்திக் கூடாரங்களும் உடைமைகளும் வேகமாக மக்கிப்போயின. காரணத்தைத் தேடிய ராணுவ ஆய்வாளர்கள் செல்லுலோஸை அரிக்கும் ஒரு பூஞ்சையைப் பிரித்தெடுத்து, க்யூ.எம்.6ஏ என்று எண்ணிட்டு வைத்தார்கள். அதை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர்கள் எல்வின் ரீஸ், மேரி மாண்டல்ஸ். ரீஸின் பெயராலேயே அது இன்று டிரைக்கோடெர்மா ரீசி என்று அழைக்கப்படுகிறது. கூடாரத்தை மக்கவைத்த பூஞ்சையை எப்படி ஒழிப்பது என்று ஆரம்பித்த ஆராய்ச்சி, அதைத் தொட்டியில் வளர்த்து என்சைம் எடுக்கும் தொழிலாகவே மாறிவிட்டது. 1980களின் பிற்பகுதியில் ஜீன்ஸ் பட்டறைகள் துணியை வெளுக்கத் தேய்த்த எரிமலைக் கல்லான பியூமிஸுக்குப் பதில் செல்லுலேஸுக்கு மாறத் தொடங்கின. 1987இல் ஜப்பானில் காவோ நிறுவனம் 'அட்டாக்' என்ற சலவைத்தூளில் செல்லுலேஸைச் சேர்த்து விற்றது.

என்சைம் இயற்கையானது என்கிறீர்கள். எல்லாப் பட்டறையும் இதற்கு மாறினால் நொய்யல் ஆறு சுத்தமாகிவிடுமா?
வாசகர், காங்கேயம்

ஆகாது. இதை நேராகவே சொல்லிவிடுகிறேன். கேட்டலேஸ் போட்டால் பிளீச்சிங்குக்குப் பிறகு இரண்டு மூன்று தடவை அலசும் தண்ணீர் மிச்சம். காஸ்டிக் சோடாவில் கொதிக்கவைப்பதற்குப் பதில் பெக்டினேஸ் என்ற என்சைமில் பருத்தியைச் சுத்தம் செய்தால் சூடும் காரமும் குறையும். இவை நல்ல லாபங்கள், வேண்டாம் என்று யாரும் சொல்லக்கூடாது. ஆனால் நொய்யலில் உள்ள ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே உங்கள் ஊர்ப்பக்க விவசாயிகளின் கிணற்றைக் கெடுத்ததில் பெரும்பங்கு உப்புக்கு. ரியாக்டிவ் சாயத்தில் அடர்நிறம் ஏற்ற லிட்டருக்கு 60, 80 கிராம் என்று உப்புப் போடுகிறோம். எந்த என்சைமும் அதை வெட்டித் தின்னாது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது, கழிவுநீரே வெளியேறாத நிலை கேட்டுத்தான். உப்பைப் பிரித்துத் திரும்பப் பயன்படுத்தும் சுத்திகரிப்பைச் சரியாக நடத்துவது ஒன்றுதான் அதற்கு வழி. பயோ வாஷைக் காட்டி அந்தச் செலவைத் தட்டிக்கழிக்க யாரையும் விடக்கூடாது.

பாலியெஸ்டர் கலந்த டி-ஷர்ட்டுக்கும் பயோ வாஷ் பலன் தருமா?
வாசகர், சேலம்

பாதிதான். செல்லுலேஸ் பருத்தியை மட்டும் வெட்டும், பாலியெஸ்டர் பிசிறு அப்படியே நிற்கும். அது பலமான இழை என்பதால் உருண்டையும் உதிராமல் சட்டையைப் பிடித்துக்கொள்ளும். மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸ் கலந்தது என்றால் நேர்மாறு: அது ஈரத்தில் பலமிழக்கும், என்சைமும் வேகமாக உள்ளே போகும், டோஸைப் பாதியாக்கவேண்டும்.