'இதுகூடத் தெரியாதா?' என்று கேட்டுவிட்டார்

கேள்வி: மாமா பயன்படுத்திய பழைய கமடோர் 64 கணினி என் கைக்கு வந்திருக்கிறது. பழைய கணினிகளை ஓட்டிப் பார்க்கும் பொழுதுபோக்கில் பழம் தின்று கொட்டை போட்ட ஒருவரிடம், 'அப்படியே ஆன் செய்யலாமா?' என்று கேட்டேன். 'இதுகூடத் தெரியாதா?' என்றார். அதிலிருந்து யாரிடமும் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. நானே ஆன் செய்து பார்த்துவிடட்டுமா?

பதில்: வேண்டாம், தயவுசெய்து ஆன் செய்யாதீர்கள். நீங்கள் கேட்டதுதான் சரியான முதல் கேள்வி, அவர் சொன்னதுதான் தப்பு. கமடோர் 64 வெளிவந்தது 1982-ல். கூடவே வந்த பவர் சப்ளைக்கும் ஏறக்குறைய கணினியின் வயதுதான் இருக்கும். அதில் 5 வோல்ட் தருகிற ரெகுலேட்டர் கெட்டால் வோல்டேஜ் எகிறி மெமரி சிப்புகளைப் பொசுக்கிவிடும், நேற்று நன்றாக ஓடியதே என்பதெல்லாம் உத்தரவாதம் ஆகாது. புதிதாகத் தயாரித்த பவர் சப்ளை வாங்குங்கள், இல்லையென்றால் சோதித்துப் பார்த்த ஒன்றை யாரிடமாவது இரவல் கேளுங்கள். இரவல் தருகிறவர்கள் இருக்கிறார்கள், நம்புங்கள்.

என் முதல் கமடோரில் வெறும் கறுப்புத் திரைதான் வந்தது. எனக்குப் பழக்கமே இல்லாத ஒரு பெரியவர், நன்றாக ஓடிக்கொண்டிருந்த தன் கணினியைத் திறந்து, எந்த நேரத்தில் எந்தச் சிப் வேலை செய்ய வேண்டும் என்று தீர்மானிக்கிற பிஎல்ஏ சிப்பை மெதுவாக நெம்பி எடுத்து, என் போர்டில் பொருத்திப் பார்த்தார். பழுதான போர்டில் நல்ல சிப்பைப் போட்டால் அதுவும் போகலாம் என்று அவருக்குத் தெரியாதா என்ன? கணினி சரியாக ஆன் ஆனால் வருகிற '38911 பேசிக் பைட்ஸ் ஃப்ரீ' என்ற வரி நீலத் திரையில் வந்தபோது என்னைவிட அவர்தான் அதிகம் சந்தோஷப்பட்டார். அப்புறம் அந்தச் சிப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் இல்லை.

அதனால் ஒருவர் முகம் சுளித்தார் என்று ஒதுங்காதீர்கள், இன்னொருவரிடம் கேளுங்கள். பவர் சப்ளையின் அடிப்பக்க லேபிள், போர்டில் அச்சிட்ட எண் இரண்டையும் படமெடுத்து அனுப்பினால் பதில் சொல்கிறவருக்குப் பாதி வேலை குறையும். முக்கியமாக, அவர் சொன்னதைச் செய்து பார்த்துவிட்டு என்ன ஆயிற்று என்று திரும்பச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் காணாமல் போகிறவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் சிலருக்கு அலுத்துப்போகிறது. அதற்காகப் புதியவர்களிடம் சுள்ளென்று விழுவதை நான் ஏற்கமாட்டேன்.

பவர் சப்ளை வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். இன்றைய கணினியிலேயே கமடோர் போல ஓடுகிற வைஸ் என்ற இலவச எமுலேட்டரைப் போட்டு, 'பேசிக்' என்ற அதன் நிரல் மொழியைப் பழகுங்கள். திரை வந்ததும் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.