மார்னிங்ஸ்டாரா, சீக்கிங் ஆல்ஃபாவா?

மார்னிங்ஸ்டார், சீக்கிங் ஆல்ஃபா என்ற இரண்டு முதலீட்டு ஆய்வுத் தளங்களில் எதற்குச் சந்தா கட்டலாம் என்று கேட்டிருந்தீர்கள். கையில் இருப்பதில் பெரும்பகுதி மியூச்சுவல் ஃபண்டுகள், கூடவே நான்கைந்து அமெரிக்கப் பங்குகள் என்கிறீர்கள். இரண்டில் ஒன்றுக்குத்தான் சந்தா என்றால் என் ஓட்டு மார்னிங்ஸ்டாருக்கு. அது தரும் நட்சத்திர மதிப்பீடுகளுக்காக அல்ல. ஃபண்டுக்கான நட்சத்திரம் கடந்த 3, 5, 10 ஆண்டுகளின் வருமானத்தை, ரிஸ்க்கையும் கணக்கில் எடுத்து, அதே வகை ஃபண்டுகளோடு ஒப்பிட்டுத் தருவது. முதல் 10 சதவீதத்துக்கு 5 நட்சத்திரம். முழுக்கப் பழைய கதை. பங்குக்கான நட்சத்திரமோ வேறு கணக்கு: அவர்கள் மதிப்பிடும் நியாய விலைக்கும் சந்தை விலைக்கும் உள்ள இடைவெளி. இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஏமாறுபவர்கள் நிறைய.

உங்களுக்கு உண்மையில் பயன்படுவது மார்னிங்ஸ்டாரிலுள்ள எக்ஸ்ரே என்ற கருவி. மூன்று ஃபண்டுகள் வைத்திருந்தால், மூன்றுக்குள்ளும் அதே பங்குகளே ஒளிந்திருப்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சீக்கிங் ஆல்ஃபா பங்குப் பிரியர்களுக்கானது. கட்டுரைகளில் பெரும்பாலானவை வெளியாட்கள் எழுதுபவை. எழுதியவர் அந்தப் பங்கை வைத்திருக்கிறாரா என்ற குறிப்பு கூடவே இருக்கும். முதலில் அதைப் பாருங்கள். நான்கைந்து பங்குகளுக்கு இது அதிகப்படி. அந்த நிறுவனங்களின் ஆண்டறிக்கை, காலாண்டறிக்கை எல்லாம் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்தின் எட்கர் தளத்தில் இலவசம்.

சந்தா சேர்ந்த அன்றே தானியங்கிப் புதுப்பிப்பை அணைத்துவிடுங்கள்.