காலண்டர் தாளில் மூன்று வேலை

கல்லூரியில் எல்லாவற்றையும் கடைசி நேரத்துக்குத் தள்ளிப்போடுகிறேன், எப்படி மாறுவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி ஒன்றில் ஈசிஇ (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) படித்தவன். தள்ளிப்போடுவதில் உங்களுக்குச் சீனியர்.

மூன்றாவது செமஸ்டர். மறுநாள் மாடல் பிராக்டிகல் என்ற ஒத்திகைத் தேர்வு, ரெக்கார்டில், அதாவது லேப் நோட்டில், ஏழு எக்ஸ்பெரிமென்ட் பாக்கி. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஹாஸ்டல் வராந்தாவில் உட்கார்ந்தேன். வலது பக்கத்தில் எய்ம், புரொசீஜர் எழுதுவது ஒன்றும் கஷ்டமில்லை, கைதான் வலிக்கும். இடது பக்கம் சர்க்யூட் வரைந்து, ரீடிங் அட்டவணை போட்டு, கிராஃப் ஒட்டும்போதுதான் மாட்டிக்கொண்டேன். காமன் எமிட்டர் ஆம்ப்ளிஃபயரின் ஃப்ரீக்வென்சி ரெஸ்பான்ஸ் என்ற எக்ஸ்பெரிமென்ட்டுக்கு செமி-லாக் ஷீட் வேண்டும், அதாவது ஒரு அச்சில் ஒவ்வொரு பத்து மடங்குக்கும் ஒரே அளவு இடம் விட்ட கிராஃப் ஷீட். ஜெராக்ஸ் கடை அதற்குள் பூட்டியாகிவிட்டது. சாதாரண கிராஃப் ஷீட்டிலேயே வரைந்தேன். 100 ஹெர்ட்ஸிலிருந்து 1 மெகாஹெர்ட்ஸ் வரை போகும் கணக்கு அதில் எப்படி அடங்கும்? பாதிப் புள்ளிகள் இடது ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஈ மொய்த்த மாதிரி நின்றன. காலையில் லேப் சார் பார்த்துவிட்டு, "என்னப்பா இது, ராத்திரி வரைஞ்சியா?" என்று மட்டும் கேட்டார். சைன் போடவில்லை.

அன்றைக்குப் புரிந்தது இதுதான்: நான் சோம்பேறி இல்லை. விடிய விடிய ஏழு எக்ஸ்பெரிமென்ட் எழுதியவனை அப்படிச் சொல்ல முடியாது. 'ரெக்கார்டு முடிக்கணும்' என்று மொத்தமாக நினைத்தால் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் போனை எடுத்துவிடுவேன், அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு பழக்கம் வந்தது. ஊரிலிருந்து வரும்போது அப்பா ஒரு தினசரி காலண்டர் கொடுத்துவிட்டிருந்தார். தினமும் காலையில் முந்தைய நாள் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் அன்றைய வேலைகளை எழுத ஆரம்பித்தேன். என் கையெழுத்துக்கு மூன்று வேலைதான் அதில் பிடிக்கும். அதுவே பெரிய உதவி. 'மேத்ஸ் படி' என்று எழுதமாட்டேன், 'மேத்ஸ் இரண்டாம் யூனிட், முதல் மூன்று கணக்கு' என்று எழுதுவேன். மாலையில் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்து, முடியாததை அடுத்த தாளுக்கு மாற்றுவேன். ஒரே வேலை மூன்று நாள் மாறிக்கொண்டே போனால் அது பெரிய வேலை என்று அர்த்தம், உடைத்து எழுத வேண்டும்.

ஸ்கெட்ச் பேனாவில் கலர் கலராக டைம்டேபிள் போடுவதை மட்டும் செய்யாதீர்கள். நான் இரண்டு முறை போட்டேன். டைம்டேபிள் அழகாக வந்தது, படிப்பு வரவில்லை.

25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்ற பொமொடோரோ முறையைப் பலர் சொல்வார்கள். 1980களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர், மாணவராக இருந்தபோது தக்காளி வடிவ சமையலறை டைமரை வைத்து ஆரம்பித்தது. தியரி படிக்க நல்ல முறை. சிக்னல்ஸ் மாதிரி கணக்குப் பாடத்தில், கணக்கு பிடிபடும் நேரத்தில் மணி அடித்துக் கடுப்பேற்றும். நான் அதற்கு 45 நிமிடம் வைத்துக்கொண்டேன். போன் அதுவரை ரூம்மேட்டின் பெட்டிக்குள். கேட்டால் "போடா, இன்னும் பத்து நிமிஷம் இருக்கு" என்பான்.

நாமே குறிக்கும் கடைசித் தேதியை நான் பெரிதாக நம்புவதில்லை. டான் அரியலி, கிளவுஸ் வெர்டென்ப்ராக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வகுப்பு மூன்று கட்டுரைகளுக்கும் தானே தேதி குறித்தது, இன்னொரு வகுப்புக்குச் சம இடைவெளியில் தேதி கொடுக்கப்பட்டது. மதிப்பெண் அதிகம் வாங்கியது இரண்டாவது வகுப்பு. அதனால் தேதியை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள். லேப் முடிந்த வாரமே ரெக்கார்டைக் காட்டுகிறேன் என்று சாரிடம் நானே போய்ச் சொன்னேன். சொன்ன பிறகு போகாமல் இருக்க வெட்கமாக இருந்தது.

உங்களுக்கு இது இன்னும் அவசரம். என்னுடைய 2017 ரெகுலேஷனில், அதாவது பல்கலைக்கழகம் போட்ட பாடத்திட்ட விதிகளில், தியரிக்கு இன்டர்னல் (கல்லூரியே போடும் மதிப்பெண்) நூற்றுக்கு 20தான், மீதி 80ஐ செமஸ்டர் தேர்வில் பிடித்துவிடலாம் என்ற தைரியம் இருந்தது. 2021 ரெகுலேஷனில் அதுவே 40.

அந்த சைனுக்காக மறுபடி வரைய ஒரு டஜன் செமி-லாக் ஷீட் வாங்கினேன். ஆறு இன்னும் வீட்டில் கிடக்கிறது.