ஸ்கூட்டருக்குப் பெரிய சிலிண்டர்: ஒரு பழைய மெக்கானிக்கிடம் கேட்டவை

கராஜ் வாசலில் நின்று கேட்பவர்களுக்கு நாளுக்குப் பத்துத் தடவை சொல்வதை இங்கே ஒரே தடவையில் எழுதிவிடுகிறேன். எஞ்சினின் பழைய சிலிண்டருக்குப் பதிலாகப் போடும் அகலமான சிலிண்டரும் பிஸ்டனும் ஒரு பெட்டியில் வரும். அதன் மேல் 'பிக் போர் கிட்' என்று அச்சடித்திருப்பார்கள். போர் என்று எழுதினால் எங்கள் ஊரில் வேறொன்றுதான் நினைவுக்கு வரும். ஆகவே சிலிண்டரின் உள்விட்டத்தை நான் 'துளை' என்றே எழுதுகிறேன்.

கோப்பாயிலிருந்து ஒரு தம்பி: அண்ணை, என்னிடம் பழைய ஹொண்டா டியோ 110 இருக்கிறது. புதியது வாங்க வழியில்லை. 54 மில்லிமீற்றர் சிலிண்டர் போட்டால் எவ்வளவு வேகம் கூடும்?

முதலில் கணக்கைப் பார்ப்போம், தம்பி. உங்கள் எஞ்சினின் துளை 50 மில்லிமீற்றர். பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம் 55.6 மில்லிமீற்றர். இரண்டும் சேர்ந்து தருவது 109 சீசீ. துளையை 54 ஆக்கினால் 127 சீசீ. நான்கே மில்லிமீற்றர்தானே என்று தோன்றும். ஆனால் கொள்ளளவு துளையின் வர்க்கத்தோடு வளர்வதால் ஏறத்தாழ 17 சதவீதம் கூடிவிடுகிறது.

வேகம் அப்படிக் கூடாது. காற்றைக் கிழித்துப் போகத் தேவையான வலு, வேகத்தின் கன அளவில் ஏறும். எல்லாம் சரியாக அமைந்தால் 80 கிலோமீற்றரில் மூச்சு வாங்கிய வண்டி 84இல் மூச்சு வாங்கும். அந்த நான்கு கிலோமீற்றருக்காகவா எஞ்சினைத் திறக்கப் போகிறீர்கள்?

கிட்டின் உண்மையான பலன் இழுவையில்தான் தெரியும். மேடு ஏறவும் பாரம் ஏற்றவும் அது உதவும். எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை என்பது கீரிமலையின் பெயரில் மட்டும்தான் இருக்கிறது. ஆனையிறவிலும் பண்ணைப் பாலத்திலும் எதிர்க்காற்று முகத்தில் அறையும்போது வேண்டுமானால் வித்தியாசம் தெரியும். அதற்கு மேல் இங்கே அதற்கு வேலை குறைவு.

சுன்னாகத்திலிருந்து ஓர் ஆசிரியை: ஐயா, என் ஸ்கூட்டி பெப் பிளஸில் மகளையும் ஏற்றினால் வண்டி இழுப்பதில்லை. முன்பு இழுத்தது. பெரிய சிலிண்டர் போடும்படி ஒருவர் சொல்கிறார்.

'முன்பு இழுத்தது' என்று நீங்களே விடையைச் சொல்லிவிட்டீர்கள், தங்கச்சி. இழுத்துக்கொண்டிருந்த 87.8 சீசீ எங்கும் ஓடிப்போகவில்லை. வழியில் எங்கோ ஒழுகுகிறது. சிலிண்டரைத் தொட முன்னர் இடது பக்க மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். உள்ளே ஆறு உருளைகள் இருக்கும். வட்டமாக உருள வேண்டியவை ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகியிருந்தால், கியர் விகிதம் நகராமல் அங்கேயே சிக்கிக்கொள்ளும். பெல்ற்றின் அகலத்தை வேர்னியர் அளவுகோலால் அளக்கச் சொல்லுங்கள். கண்ணால் பார்த்து 'நல்லாக இருக்கிறது' என்பவரை நம்ப வேண்டாம். கிளச் சோடியையும் பாருங்கள். இவை எல்லாம் சரியாக இருந்தும் இழுக்கவில்லை என்றால் சிலிண்டருக்குள் அமுக்கம் எவ்வளவு என்று சோதித்து, பழைய அளவிலேயே புதிய பிஸ்டனும் அதைச் சுற்றி வரும் றிங்கும் போடுங்கள். 2020இல் வாகன இறக்குமதி நின்ற பிறகு பழைய வண்டிகளை வைத்தே காலம் தள்ளினோம். என்னிடம் பெரிய சிலிண்டர் கேட்டு வந்த வண்டிகளில் பாதிக்கு மேல் உருளைகளோடு திரும்பிப் போயின.

கொக்குவிலிலிருந்து: பாரிஸிலிருந்து வந்த மாமா 70 சீசீ கிட் ஒன்று கொண்டு வந்தார். விலையுயர்ந்தது. டியோவுக்குப் பொருந்துமா?

பொருந்தாது. படத்தை அனுப்பியிருந்தீர்கள், நன்றி. சிலிண்டரின் உள்சுவரில் சாளரம் போலத் துவாரங்கள் இருக்கின்றனவே, அது இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு உரியது. பிரான்ஸில் 50 சீசீ ஸ்கூட்டர்களுக்குப் போடுவார்கள். உங்களுடையது நான்கு ஸ்ட்ரோக்; வால்வு மேலே இருக்கிறது. மாமாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள். அடுத்த முறை வரும்போது நல்ல ஹெல்மெற் கொண்டு வரச் சொல்லுங்கள்.

நெல்லியடியிலிருந்து: டியோவில் 54 கிட் போட்டு இரண்டு மாதம். மத்தியான வெயிலில் அக்சிலேற்றரைத் திருகினால் உள்ளே யாரோ சிறு சுத்தியலால் தட்டுவது போல் கேட்கிறது. 92 ஒக்டேன் பெற்றோல்தான் அடிக்கிறேன்.

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். கிட் விற்பவர் சொல்லாத பகுதி இது. பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது அதற்கு மேல் மிஞ்சும் சிறிய இடத்துக்குள் கலவை முழுவதும் நெரிக்கப்படுகிறது. உங்கள் எஞ்சினில் அந்த இடம் 13 சீசீக்குச் சற்றுக் குறைவு, அமுக்க விகிதம் 9.5. இப்போது சிலிண்டர் 127 சீசீ ஆகிவிட்டது, ஹெட் பழையதே. அதே இடத்துக்குள் கூடுதல் கலவை. விகிதம் ஏறத்தாழ 11க்குப் போய்விடும். அவ்வளவு நெரித்தால், அதுவும் காற்றால் மட்டுமே குளிரும் எஞ்சினை எங்கள் வெயிலில் நெரித்தால், பெற்றோல் தன் முறை வரும் முன்னரே வெடிக்கிறது. அந்த ஓசைதான் உங்கள் சுத்தியல்.

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இந்த ஓசையை நான் விளக்கத் தேவையில்லை. கொஞ்சம் பெற்றோல் விட்டு உதைத்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, தட்டத் தட்ட ஓட்டினோம். அப்போது வேறு வழியில்லை. இப்போது நெரித்தாலும் எளிதில் முந்தி வெடிக்காத 95 ஒக்டேன் இருக்கிறது. முதலில் அதை அடித்துப் பாருங்கள்.

பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காய்ந்த தேங்காய் மட்டையின் நிறம் இருந்தால் நல்லது. வெள்ளையாக இருந்தால் கலவையில் பெற்றோல் போதவில்லை. காபரேற்றரில் பெற்றோல் வரும் துவாரமான பிரதான ஜெற்றை ஓர் அளவு கூட்டுங்கள். கன்னங்கரேல் என்றிருந்தால் ஓர் அளவு குறைக்க வேண்டும். பெற்றோலையும் ஜெற்றையும் மாற்றியும் ஓசை நிற்கவில்லையென்றால் பழைய சிலிண்டரைத் தேடி எடுங்கள். எறிந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

சாவகச்சேரியிலிருந்து: வீட்டிலேயே பொருத்தலாமா? காணொளி பார்த்துவிட்டேன்.

பொருத்தலாம், அளக்கத் தெரிந்தால். நான் முதன்முதலில் என் சொந்த வண்டிக்குப் போட்டபோது அளக்கவில்லை. பெட்டியில் வந்ததை அப்படியே ஏற்றினேன். மூன்றாம் நாள் பண்ணைப் பாலத்தின் நடுவில் எஞ்சின் கிறீச்சிட்டு இறுகியது. இரண்டு பக்கமும் கடல், நிழல் இல்லை, தள்ளிக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தேன். கழற்றிப் பார்த்தால் பிஸ்டனின் பக்கத்தில் பூனை பிறாண்டியது போல் பளபளக்கும் கோடுகள். றிங்கின் இரு முனைகளுக்கும் நடுவே இடைவெளியே விட்டிருக்கவில்லை. சூட்டில் றிங் நீண்டு, முனைகள் முட்டி, சுவரைச் சுரண்டிவிட்டது.

ஆகவே றிங்கைப் பிஸ்டனில் மாட்டும் முன் தனியாகச் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனின் தலையால் நேராகத் தள்ளி, முனைகளின் இடைவெளியில் பீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டைச் செருகிப் பாருங்கள். துளையின் ஒவ்வொரு 25 மில்லிமீற்றருக்கும் 0.1 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொண்டால், 54க்கு 0.2 மில்லிமீற்றருக்குச் சற்று மேல் வர வேண்டும். குறைந்தால் நுண்ணிய அரத்தால் முனையை நேராக அராவுங்கள். சிலிண்டரின் அடிக்குழாய் எஞ்சின் வாய்க்குள் இறங்கவில்லையென்றால் நிறுத்திவிடுங்கள். வாயைக் கடைந்து பெரிதாக்குவது லேத் பட்டறை வேலை. எஞ்சினை முழுவதும் பிரிக்க வேண்டும்.

மானிப்பாயிலிருந்து: எரிபொருள் உட்செலுத்தும் வகை ஸ்கூட்டருக்கு?

வேண்டாம். அதன் கணினி இன்னமும் பழைய சிலிண்டருக்கே பெற்றோல் அளந்து கொடுத்துக்கொண்டிருக்கும்.

உரும்பிராயிலிருந்து: பொலிஸ் பிடிக்குமா?

வீதியில் நிற்பவர் உங்கள் சிலிண்டரை அளக்க மாட்டார். ஆனால் பதிவுச் சான்றிதழில் எஞ்சின் கொள்ளளவு எழுதப்பட்டிருக்கிறது. மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். விபத்து நடந்த பிறகு காப்புறுதிக்காரர் அளப்பார். அவருக்கு நேரம் இருக்கிறது.

ஊர்காவற்றுறையிலிருந்து: நேற்றுத்தான் பொருத்தி முடித்தேன். இனி எப்படி ஓட்டுவது?

முதல் 500 கிலோமீற்றருக்கு முழுத் திருகு வேண்டாம். ஒரே வேகத்தில் நீண்ட தூரம் பிடிப்பதும் வேண்டாம். றிங் சுவரில் படிவதற்கு ஏற்ற இறக்கம் தேவை. நீங்கள் பட்டணத்துக்கு வரும் வழி நேரான வெட்டை. வேண்டுமென்றே கூட்டிக் குறைத்து ஓட்டுங்கள். இடையில் ஒரு தடவை நிறுத்தி எஞ்சினை ஆறவிடுங்கள்.

100 கிலோமீற்றர் ஆனதும் ஒயிலை மாற்றுங்கள். 'புது ஒயிலை வீணாக்கச் சொல்கிறாரே' என்று திட்டுவீர்கள், பரவாயில்லை. இறக்கிய ஒயிலை வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் சாய்த்துப் பாருங்கள். மினுங்கும் பொடி இருந்தால் பயமில்லை, அது படிகிற அடையாளம். நகத்தில் தட்டுப்படும் துகள் இருந்தால் வண்டியை என்னிடம் கொண்டு வாருங்கள். ஓட்டிக்கொண்டு வர வேண்டாம், லாண்ட்மாஸ்டரில் ஏற்றிக்கொண்டு வாருங்கள்.