கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யலாமா?
தம்பி, உங்களுக்கு மண்டபத்தில் கருவாட்டு வியாபாரம், மனைவி ராமநாதபுரத்தில் ஆசிரியை என்கிறீர்கள். சேர்த்துப் போட இந்தியச் சட்டத்தில் வழியே இல்லை. அமெரிக்காவில் உண்டு, இங்கே ஆளுக்கொரு பான், ஆளுக்கொரு கணக்கு.

வரி குறையட்டும் என்று மனைவி பெயரில் டெபாசிட் போடுவதில்தான் பலர் மாட்டுகிறார்கள். நீங்கள் சும்மா கொடுத்த 5 லட்சத்துக்கு வரும் வட்டி உங்கள் வருமானத்தில்தான் சேரும். வங்கி அவர் பானில் டிடிஎஸ் (வட்டி தரும்போதே பிடித்துக்கொள்ளும் வரி) பிடிக்கிறதே என்று ஏமாறாதீர்கள். அந்த வட்டியை அவர் மறுபடி போட்டுச் சம்பாதிப்பது மட்டும் அவர் கணக்கு. சொந்தச் சம்பளத்தில் சேமித்துப் போட்டால் இந்தத் தலைவலியே கிடையாது.

அப்புறம், வீட்டுக் கடன். வீடும் கடனும் இருவர் பெயரிலும் இருந்து இருவருமே தவணை கட்டினால், குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டியில் ஆளுக்கு 2 லட்சம் வரை அவரவர் வருமானத்திலிருந்து கழிக்கலாம். பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தால் மட்டும்தான்.