சம்பளமும் சிறு தொழிலும் இருப்பவர் வரியை எங்கிருந்து புரிந்துகொள்ளத் தொடங்குவது?

கேள்வி: சம்பள வேலையோடு ஒரு சிறு தொழிலும் செய்கிறேன். வரி விதிகளைப் படித்தால் தலை சுற்றுகிறது. எங்கிருந்து தொடங்குவது? வரியைக் குறைக்க எப்படித் திட்டமிடுவது?

விதிகளை முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள். அவை ஆண்டுதோறும் மாறும், பாதிக்கு மேல் உங்களுக்குப் பொருந்தவும் பொருந்தாது. முதலில் ஒரே ஒரு எண்ணைக் கண்டுபிடியுங்கள்: நீங்கள் கடைசியாகச் சம்பாதிக்கும் நூறில் வரியாகப் போவது எவ்வளவு? சிறு தொழில்களுக்குக் கணக்கு எழுதுவது என் வேலை. என்னிடம் வருபவர்களில் பலர் இந்த எண்ணைத் தெரிந்துகொள்ளாமலே வரியைக் குறைக்க வழி கேட்கிறார்கள்.

முதல் ஒரு லட்சத்துக்கு வரி இல்லை, அடுத்த லட்சத்துக்கு 10%, அதற்கு மேல் 20% என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வருமானம் 2,10,000 என்றால் மொத்தத்துக்கும் 20% கட்ட வேண்டியதில்லை. 10,000 + 2,000, ஆக 12,000தான் வரி. மொத்த வருமானத்தில் அது 6 சதவீதம்கூட இல்லை. ஆனால் இனி வரும் ஒவ்வொரு நூறிலும் 20 போகும். 'அடுத்த ஸ்லாப்புக்குப் போய்விடுவேன்' என்று பயந்து வருகிற வேலையை மறுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அடுக்கைத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு மட்டுமே கூடுதல் விகிதம்.

ஆனால் அட்டவணையை மட்டும் பார்த்தாலும் போதாது. பிரிட்டனில் வருமானம் 1,00,000 பவுண்டைத் தாண்டினால், தாண்டும் ஒவ்வொரு 2 பவுண்டுக்கும் வரியில்லா வரம்பில் 1 பவுண்டு குறையும். அதனால் ஒரு லட்சத்துக்கு மேல் 1,25,140 பவுண்டு வரையுள்ள பகுதிக்கு, 40% அடுக்கில் இருப்பவர் உண்மையில் 60% கட்டுகிறார். இப்படிச் சலுகை மெல்ல மறையும் இடங்கள் உங்கள் நாட்டிலும் இருக்கலாம், தேடிப் பாருங்கள்.

இப்போது உங்கள் விஷயம். சம்பளத்தில் வரி பிடிப்பவர் பெரும்பாலும் அந்தச் சம்பளம்தான் உங்கள் ஒரே வருமானம் என்று கருதித்தான் பிடிக்கிறார். தொழிலின் லாபம் அதன் மேல் போய் உட்காரும். கீழ் அடுக்குகளைச் சம்பளமே நிரப்பிவிட்டதால், தொழிலின் முதல் லாபமே உங்கள் உச்ச விகிதத்தில்தான் வரி கட்டும். 'சின்னத் தொழில்தானே, இவ்வளவு வரியா?' என்று கேட்கிறவர்களின் அதிர்ச்சிக்குக் காரணம் இதுதான். தொழிலிலிருந்து பணம் வரும்போதெல்லாம் அதில் ஒரு பங்கைத் தனிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். ஆண்டு வருமானத்தை மதிப்பிட்டு முன்பே கட்டும் முன்கூட்டிய வரியின் தவணைகள் இந்தியாவில் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15ஆம் தேதிகளில் வரும். அமெரிக்காவில் ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி. குறைத்துக் கட்டினால் வட்டியோ அபராதமோ சேரும். அப்புறம், வாடிக்கையாளரிடம் நீங்கள் வசூலிக்கும் ஜிஎஸ்டியோ வாட்டோ உங்கள் வருமானமே இல்லை. அதையும் எடுத்துச் செலவழித்துவிட்டு, கட்ட வேண்டிய நாளில் கடன் தேடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் கோளாறு.

லாபம் வேறு, கையில் இருக்கும் பணம் வேறு. பலர் தடுமாறுவது இங்கேதான். தொழில் கடனின் தவணையில் வட்டி மட்டும் செலவு, அசல் செலவாகாது. மெஷின் வாங்கினால் பல இடங்களில் அதன் விலையைத் தேய்மானமாகச் சில ஆண்டுகளுக்குப் பிரித்துத்தான் கழிக்க முடியும். வீட்டுச் செலவுக்கு நீங்கள் எடுப்பதும் செலவுக் கணக்கில் வராது. ஆண்டு லாபம் 3 லட்சம், அசலுக்குக் கட்டியது 2 லட்சம், வீட்டுக்கு எடுத்தது 1 லட்சம் என்றால் கை காலி, ஆனால் வரி 3 லட்சத்துக்கு.

ஆண்டு முடிவில் 'வரியைக் குறைக்க ஏதாவது வாங்கிவிடுங்கள்' என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். உங்கள் விகிதம் 20% என்றால், நூறு செலவழித்தால் இருபது மிச்சம், எண்பது போய்விட்டது. எப்படியும் வாங்க வேண்டிய பொருளைச் சில வாரம் முன்னதாக வாங்குவது நியாயம். வரிக்காகவே எடுத்த காப்பீட்டை அவசரத்தில் பாதியில் விட்டு நஷ்டப்பட்டவர்கள்தான் எத்தனை பேர்! இன்னொன்று: கழிவு வருமானத்தைக் குறைக்கும், வரித் தள்ளுபடி வரியையே குறைக்கும். அந்த 20% ஆளுக்கு 10,000 கழிவின் மதிப்பு 2,000. 10,000 தள்ளுபடிக்கு முழு 10,000.

வாடிக்கையாளருக்குப் பில் போடுவதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போடும் உத்தி அடுத்த ஆண்டு உங்கள் விகிதம் குறைந்தால்தான் பெரிதாக உதவும். அதுவும் பணம் வந்த தேதியை வைத்துக் கணக்கு எழுதுகிறீர்களா, வேலை முடிந்த தேதியை வைத்தா என்பதைப் பொறுத்தது.

சிறு தொழில்களுக்கென்று எளிய திட்டங்களும் உண்டு. இந்தியாவில் வரம்புக்குள் இருக்கும் தொழில், விற்பனையில் 8 சதவீதத்தை, வங்கி வழியாகவோ டிஜிட்டலாகவோ வந்த தொகையில் 6 சதவீதத்தை லாபமாகக் காட்டலாம், கணக்குப் புத்தகத் தொல்லை இல்லை. உண்மையான லாபம் அதைவிடக் குறைவாக இருப்பவருக்கு அது நஷ்டம்.

எதுவரை போகலாம் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். 1935இல் வெஸ்ட்மின்ஸ்டர் பிரபு வழக்கில், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, சட்டப்படி வரி குறையுமாறு தன் காரியங்களை ஒருவர் அமைத்துக்கொள்ளலாம் என்றது. பிற்காலத் தீர்ப்புகள் அந்தச் சுதந்திரத்தைச் சுருக்கின. 2017 ஏப்ரலிலிருந்து இந்தியாவிலும், வரிச் சலுகையையே முக்கிய நோக்கமாகக் கொண்ட, உண்மையான வணிக உள்ளடக்கம் இல்லாத ஏற்பாடுகளைப் புறந்தள்ளும் பொது விதி இருக்கிறது. வருமானத்தை மறைப்பதோ குற்றம்.

ஆடிட்டரிடம் போகும் முன் தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு திறந்து, ரசீதுகளை மாதவாரியாகச் சேர்த்து வையுங்கள். பழுப்பு உறையில் கசங்கிய காகிதங்களைக் கொடுத்தால் அவற்றைப் பிரிக்கும் நேரத்துக்கும் சேர்த்துத்தான் கட்டணம் கேட்பார். கடைகளில் தரும் வழவழப்பான ரசீதில் எழுத்து சில மாதங்களிலேயே மங்கிவிடும். வாங்கிய அன்றே போனில் படமெடுத்துவிடுங்கள்.