வீட்டைச் சோதிக்கும்போது வாங்குபவர் கூட இருக்கலாமா?

கேள்வி: பழைய வீடு ஒன்றுக்கு விலை பேசி முடித்திருக்கிறோம். ஒப்பந்தம் போடுவதற்கு முன் ஒரு பொறியாளர் வந்து வீட்டைச் சோதிக்கப் போகிறார். "நீங்கள் வர வேண்டாம், பக்கத்தில் நின்றால் அவருக்கு வேலை ஓடாது, ரிப்போர்ட் கைக்கு வந்துவிடும்" என்கிறார் புரோக்கர். எங்களுக்குக் கட்டுமானம் பற்றி ஒன்றும் தெரியாது. போவதா, வேண்டாமா?

பதில்: போங்கள். ஒன்றும் தெரியாது என்பதால்தான் போகச் சொல்கிறேன். ஆனால் முதலிலிருந்தே அவர் பின்னால் நடக்க வேண்டாம். ஒரு வீட்டை ஒழுங்காகப் பார்க்க இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அதில் பெரும்பகுதி அவர் தனியாகப் பார்க்கட்டும். பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தால் எவ்வளவு கெட்டிக்காரருக்கும் ஏதாவது விட்டுப்போகும். கடைசி முக்கால் மணி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்து, அறை அறையாகக் காட்டச் சொல்லுங்கள். அவரை அமர்த்தும்போதே இதைப் பேசி வைத்துவிடுவது நல்லது.

ரிப்போர்ட் மட்டும் போதாதா என்றால், போதாது. "சுவரில் விரிசல் காணப்படுகிறது" என்று ஒரு வரி இருக்கும். அதைப் படித்துவிட்டு நீங்கள் என்ன முடிவு எடுப்பீர்கள்? 1 மி.மீ.க்கும் குறைவான மெல்லிய கோடு என்றால் பெரும்பாலும் பூச்சு காய்ந்தபோது விழுந்தது, அதற்குப் பயப்பட வேண்டாம். ஜன்னல் மூலையில் தொடங்கிச் சாய்வாக ஏறி, ஒரு முனையில் 5 மி.மீ.க்கு மேல் வாய் திறந்திருந்தால் அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கியிருக்கலாம். பீமின் அடியில் கம்பி போகும் வழியிலேயே நீளமாக ஓடினால் உள்ளே துரு ஏறியிருக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் காங்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். இதையெல்லாம் பொறியாளர் விரலை வைத்துக் காட்டினால் ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும்.

இன்னொன்று, அவர் பீரோவை நகர்த்த மாட்டார், ஃபால்ஸ் சீலிங்கைக் கழற்ற மாட்டார். அது இன்னும் அடுத்தவர் வீடுதான். பார்க்க முடியாத இடங்களை ரிப்போர்ட்டின் கடைசியில் போட்டுவிடுவார், அதை யாரும் படிப்பதில்லை. எனவே நேரில் கேளுங்கள்: "எதையெல்லாம் உங்களால் பார்க்க முடியவில்லை?" நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகளில் முதன்மையானது இதுதான். பூட்டிய அறை இருந்தால் திறந்து காட்டிய பிறகுதான் கையெழுத்து என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள்.

இப்போது புரோக்கர் விஷயம். உங்கள் கேள்வியில் என்னைக் கோபப்படுத்தியது அவர் பேச்சுதான். விற்பனை முடிந்தால்தான் அவருக்குக் கமிஷன். அப்படியிருக்க, வாங்குபவர் வர வேண்டாம் என்று சொல்ல அவர் யார்? பொறியாளரைப் பிடித்துக் கொடுத்தவரும் அவரேதானா? அப்படியானால் வேறு ஆளைப் பாருங்கள். அடுத்த வேலையும் அதே புரோக்கர் மூலம் வர வேண்டியவர், வியாபாரம் முறிகிற மாதிரி எழுதத் தயங்குவார். பணத்தை நீங்கள் நேராகக் கொடுங்கள், ரிப்போர்ட்டும் உங்கள் பெயரில் உங்களிடமே வர வேண்டும். சோதிக்க வந்த ஆளே "ஓதத்தை (சுவரில் ஊறிய ஈரத்தை) நானே சரிசெய்து தருகிறேன்" என்று விலை பேச ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஓதம் பார்க்கும் மீட்டர், சுவரில் உப்பு இருந்தாலும் அதிகமாகக் காட்டும். அந்த எண்ணை வைத்தே பயமுறுத்திக் காசு பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

"வங்கியிலிருந்தே வந்து பார்த்துவிட்டார்கள்" என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். கடன் நின்றுபோனால் வீட்டை விற்றுப் பணத்தை எடுக்க முடியுமா என்பதுதான் வங்கியின் கணக்கு. குழாய் ஒழுகுகிறதா என்று அவர்கள் பார்ப்பதில்லை. இந்த மதிப்பீட்டுக்கும் பெரும்பாலும் வாங்குபவரிடமே கட்டணம் வாங்குகிறார்கள், ஆனால் அதில் அவருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. இப்படி ஒரு ஏற்பாட்டை இத்தனை காலமாக யாரும் திருத்தாமல் விட்டு வைத்திருப்பதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

வெளியூரில் இருக்கிறீர்கள், வரவே முடியாது என்றால் அது வேறு. அப்போதும் "உங்கள் சார்பில் நான் நிற்கிறேன்" என்று புரோக்கர் முன்வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இந்த வியாபாரத்தில் ஒரு பைசா பலனும் இல்லாத உறவினரோ நண்பரோ போகட்டும். அவருக்கும் கட்டுமானம் தெரிய வேண்டியதில்லை. பொறியாளர் காட்டுவதைப் படம் எடுத்தால் போதும், ஆனால் விரிசலைப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அகலம் தெரியாது. வீடியோ அழைப்பை மட்டும் நம்பி இருக்காதீர்கள். வெளிச்சம் சரியில்லாவிட்டால் ஓதக் கறை கேமராவில் தெரியாது, வாடையும் வராது. ரிப்போர்ட் வந்த பிறகு அதைக் கையில் வைத்துக்கொண்டு பொறியாளரிடம் அரை மணி நேரமாவது போனில் பேசுங்கள். அந்த அரை மணிக்கும் சேர்த்தே கட்டணம் பேசிக்கொள்ளுங்கள். அது முடியும்வரை கையெழுத்து வேண்டாம்.

நேரில் போகும்போது விற்பவர் வீட்டில் இருந்தால், குறைகளைப் பற்றிய கேள்விகளை வெளியே வந்த பிறகு கேளுங்கள். ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் அதன் மறுபக்கம் குளியலறையா என்று பாருங்கள், ஓதக் கறையை மறைக்க அடித்ததாக இருக்கலாம். சோதனையைப் பகலில் வையுங்கள், அன்று தண்ணீரும் மின்சாரமும் இருக்க வேண்டும். "மோட்டார் ரிப்பேர், அடுத்த வாரம் சரியாகிவிடும்" என்றால் சோதனையை அடுத்த வாரத்துக்குத் தள்ளுங்கள், ஒப்பந்தத் தேதியையும் சேர்த்து.